சலவைக்கல்லில் கீறின பெயர்

இப்போதெல்லாம் மனுஷனுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியவில்லை. டீ வருகிறவரைக்கும் நிற்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்குள் ஒருத்தன் காசால் கல்லைத் தட்டுகிறான். ஒருத்தன் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைந்து, அதை அப்படியே கல்லின்மேல் வைத்துவிட்டுப் போகிறான். சாவிக்கொத்தைத் தூக்கிப் போடுகிறவன் வேறு. கேட்டால், "என்ன பாய், கல்லுதானே" என்கிறான். கல்லுதான். உன் வீட்டுக் கல்லா?

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்ன டீக்கடை என்னுடையது. கடைக்கு முன்னால் கிளாஸ் வைக்கிற மேடைக்கு ஒரு சலவைக்கல் போட்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது கண்டோன்மெண்ட் பங்களா ஒன்றில் சாமான்களை ஏலம் விட்டார்கள். முகம் கழுவுகிற மேஜையின் மேல்கல் அது. துரை எச்சில் துப்பின கல்லில் டீ விற்கிறான் என்று அப்போது கேலி பேசினவர்கள் உண்டு. பேசிக்கொண்டே குடித்தார்கள். பால் போல வெள்ளை. கிளாஸை வைத்தால் அதன் நிழல் உள்ளே தெரியும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் துணி லேசாக இழுத்தது. குனிந்து பார்த்தேன். மெல்லிய கீறல். பக்கவாட்டில் தலையைச் சாய்த்தபோதுதான் அது எழுத்து என்று தெரிந்தது. எனக்கு இரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வ. ஹீ. தா.

என் மகள் பெயர்.

எங்கள் வீட்டுப் பெண்களின் பெயரை வெளியே சொல்கிற வழக்கமில்லை. கடையில் வீட்டுப் பேச்சு வந்தால் 'வீட்ல', 'பாப்பா' என்பதோடு சரி. பக்கத்துக் கடைக்காரனுக்குக்கூட என் சம்சாரத்தின் பெயர் ஷரீபா என்று தெரியாது. கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு திரைத்துணி. அந்தத் திரையைத் தாண்டி அந்தப் பெயர் எப்படி வந்தது? எவன் வாயில் கிடந்தது? நிக்காஹ் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. உறையூர் ஹனீஃபா ராவுத்தர் தன் மகன் ஜெகபர் சாதிக்குக்குக் கேட்டிருந்தார். பையனுக்குப் பட்டறையில் வேலை. தோட்டிலும் மூக்குத்தியிலும் வைக்கிற செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அப்பனும் மகனும் நேரே கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் பையனைப் பார்க்கவேண்டும், பிறகு வீட்டுக்குள்ளே போய் முடிவு பேசவேண்டும். அவர்கள் வந்து நிற்கப்போகிற இடம் இந்தக் கல். கிளாஸ் வைக்கப்போகிற இடம் அந்தப் பெயர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது இன்னொரு வாய். அடுப்படியிலிருந்து ஒரு உருண்டை புளியும் செங்கல் பொடியும் எடுத்துக்கொண்டு வந்தேன். பித்தளைக் குடத்தில் எவ்வளவு கறுத்த கீறலும் அதற்குப் போய்விடும். பலகைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கைவலிக்கத் தேய்த்தேன். கழுவிவிட்டுப் பார்த்தேன். தேய்த்த இடத்தில் பளபளப்பு செத்து, சுண்ணாம்புச் சுவர்போல ஆகியிருந்தது. கீறலுக்குள்ளே செங்கல் பொடி போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரைக்கும் தலையைச் சாய்த்தால்தான் தெரிந்த பெயர், இப்போது சிவப்பு மையில் எழுதினதுபோல் ரோட்டிலிருந்தே தெரிந்தது.

பன் ஜாடியைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

அன்றைக்குப் பூராவும் அந்த ஜாடிக்குக் காவல் இருந்ததுதான் என் வியாபாரம். ஜனங்களுக்கோ அந்த ஜாடியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"என்ன பாய், நடுவுல கொண்டாந்து வெச்சிருக்கீங்க? உங்க மொகமே தெரியலியே" என்று ஒரு கண்டக்டர் ஜாடியை நகர்த்தப் போனான். அவன் கைமேல் ஒரு அடி வைத்தேன்.

"என் மொகத்தப் பாத்துத்தான் டீ எறங்குமா உனக்கு? கைய எடு."

"பன்னுல தங்கம் வெச்சிருக்காரு போல" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முதுகில் வேர்வை ஓடியது. சிரித்தவர்களில் எவன் எழுதினவன்?

பக்கத்துக் கடை ராமர், படத்துக்கும் கண்ணாடிக்கும் சட்டம் போடுகிறவன், சாயங்காலம் டீக்கு வந்தான். கல்லில் கறை பிடித்துவிட்டது, எடுக்கிற ஆள் யாராவது உண்டா என்று பட்டும்படாமல் கேட்டேன்.

"ஸ்ரீரங்கத்துல உத்தர வீதியில ஒரு வீட்டுல வேலை நடக்குது. வீரமலைன்னு வையம்பட்டிக்காரன், தரைக்கல்லு மெருகு போடுறான். கண்ணாடி தோத்துப்போவும். போய்க் கூட்டியா. என்ன கறை?"

"டீக்கறை."

"இத்தினி வருஷமா இல்லாத டீக்கறையா?" என்று ஜாடியைப் பார்த்தான். அவன் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை கடையை ஷரீபாவின் தம்பியிடம் விட்டுவிட்டு, ஜாடியைத் தொட்டால் வெட்டிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பாலத்தில் போகும்போது காவிரியில் தண்ணீர் நிறைய ஓடியது. மற்ற நாளாக இருந்தால் பார்த்திருப்பேன்.

வீரமலை வீட்டு நடுக்கூடத்தில் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தான். நடுவயது, மேலெல்லாம் வெள்ளைச் சேறு. நான் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவன் வாய் திறப்பதற்குள் வீட்டுக்கார அய்யங்கார் உள்ளேயிருந்து வந்தார்.

"ஓய், யாரு நீர்? இவனைக் கெளப்பிண்டு போக வந்திருக்கீரா? பெருமாள் உள் தரை பாக்கி இருக்கு. கிருஹப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு."

"ஒரு நாள் வேலைங்க சாமி. மானப் பிரச்சினை."

"டீக்கடைக் கல்லுக்கு என்ன ஓய் மானம்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கொஞ்சம் தணிந்தார். "நாளைக்கு ஏகாதசி. ஆத்துல கரகரன்னு தேய்க்கப்படாது. நாளைக்கு ஒரு பகல் போய்ட்டு வரட்டும். துவாதசிக் காலம்பற இங்க இருக்கணும். கேட்டியாடா?"

வியாழக்கிழமை காலை வீரமலை ஒரு கோணிப்பையோடு வந்தான். பலகைக் கதவுகளை மூடிவிட்டு, மேலே கூரைக் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சத்தில் ஜாடியை எடுத்தேன். அவன் குனிந்து பார்த்தான்.

"பாய், கறைன்னீங்க. இது எழுத்துல்ல?"

"படிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. எழுத்துன்னு தெரியும்."

படிக்கத் தெரியாது என்று சொல்கிறவனையெல்லாம் நம்பிவிட முடியுமா? சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் காட்டி, "அதுல என்ன கிழமை போட்டிருக்கு, சொல்லு" என்றேன்.

"வியாழன்."

"எப்புடித் தெரியும்?"

"நேத்துப் புதன்" என்றான்.

அவன் கீறல்மேல் நகத்தை வைத்து இழுத்தான். புளியால் செத்துப்போன இடத்தைப் பார்த்து, "இத யாரு பண்ணது? பாத்திரம் வெளக்குற மாதிரி வெளக்கிருக்காங்க. புளி பட்டா இந்தக் கல்லு வெந்துபோவும்" என்றான். நான் நாள்காட்டியை நேராக்கி மாட்டினேன். பிறகு, "இது ஆணி இல்ல பாய்" என்றான்.

"வேற என்ன?"

"ஆணியில எழுதினா வளைவு வராது. வழுக்கி வழுக்கி ஒடைஞ்சு வரும். இது பேனால எழுதின கணக்கா உருண்டு வந்திருக்கு. கல்லுல போற கூர்மை வேற. கண்ணாடி அறுக்குறாங்க பாருங்க, வைரம் வெச்ச பேனா, அந்த மாதிரி சாமான்."

அவன் பையிலிருந்து தேய்ப்புக் கற்களை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். என் காதில் வேறு எதுவும் விழவில்லை. கண்ணாடி அறுக்கிறவன். நடுவில் ஒரு சுவர்தான். 'என்ன கறை, என்ன கறை' என்று ஜாடியைப் பார்த்தவன்.

நேரே போய் ராமர் கடையில் நின்றேன். அவன் ஒரு கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி அளந்துகொண்டிருந்தான்.

"ஒன்னோட கண்ணாடி அறுக்குற பேனாவக் குடு."

"எதுக்குய்யா பாய்? ஓட்டலுக்கு ஜன்னல் வைக்கப்போறியா?"

"குடுங்குறேன்ல."

கொடுத்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நுனியில் கடுகளவு மின்னியது. "இது செவ்வாக்கிழமைக்கு முந்தி யார் கையில இருந்துச்சு?"

"என் கையிலதான். வேற யார் கைல குடுப்பேன்? பாய், ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"வா, வந்து பாரு நீ எழுதினத" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கூட்டிக்கொண்டு வந்து காட்டின பிறகுதான் காட்டியிருக்கக் கூடாது என்று உறைத்தது. அவன் படித்தான். எழுத்துக் கூட்டவில்லை, ஒரே பார்வையில் படித்துவிட்டான்.

"யாரு இது?" என்றான்.

என் முகத்தைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"பாப்பாவா?" என்றான் மெதுவாக. "அடப்பாவி. இன்னிக்கு வரைக்கும் அது பேரு எனக்குத் தெரியாதேய்யா. நீயே கூட்டியாந்து காட்டிட்டு, என்னையே எழுதினேங்குறியா? எம் மடியில தூக்கி வெச்சு பிஸ்கோத்து குடுத்த புள்ளைய்யா அது."

"தெரியாதுன்னு யார் வேணாலும் சொல்லலாம்."

அவன் பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். "ஒன் டீ எனக்கு வேணாம். இனிமே இந்தப் பக்கம் என் கால் வராது" என்று போய்விட்டான். அவன் முகம் வெளுத்தது கோபத்திலா பயத்திலா என்று நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.

வீரமலை எதையும் கேட்காதவன்போலத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தொடங்கியிருந்தான்.

"பேரை மட்டும் தேச்சு எடுத்துடு, சீக்கிரம்" என்றேன்.

"பேரை மட்டும் தேச்சா அங்க குழி விழும். கையகலத்துக்குக் குழி விழுந்தா எழுத்து போனாலும் எடம் சொல்லிக்குடுத்துரும். சுத்தி ரெண்டு மொழத்துக்குச் சாய்ச்சு சாய்ச்சு எறக்கிட்டு வரணும். கையத் தாங்க, நீங்களும் ஒரு பக்கம் தேய்ங்க. எறக்குறது பாதி, மெருகு ஏத்துறது பாதி."

சொரசொரப்பான கல்லில் தொடங்கினான். அதைவிட வழுவழுப்பான கல், அப்புறம் அதைவிட. ஒவ்வொரு கல் மாற்றும்போதும் தண்ணீர் ஊற்றிக் கழுவினான், பழைய மண் ஒன்று தங்கினாலும் புதுக் கீறல் விழும் என்றான். நான் சேற்றை வழித்து வழித்துப் பார்த்தேன். மேலே இருந்த மெல்லிய கோடெல்லாம் முதலில் போனது. 'தா' போனது. 'வ' போனது. நடுவில் இருந்த 'ஹீ' மட்டும் சுழியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது. எழுதினவன் அந்த எழுத்தை ஆசையாக அழுத்தியிருக்கிறான். வெளியே பலகைக் கதவைத் தட்டி, "என்ன பாய், கடை லீவா? உள்ள என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நான் துணியை எடுத்துக் கல்மேல் போட்டேன். வீரமலை ஒவ்வொரு தடவையும் துணியை எடுத்துப் போட்டுவிட்டுத் தேய்த்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து ஷரீபா, "என்னங்க நடக்குது அங்க? புளிப்பானையில புளியைக் காணோம், மாப்ள வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல கடையப் பேத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"கல்லுக்கு மெருகு போடுறோம். அவங்க வர்றாங்கல்ல."

"மாப்ள கல்லைப் பாக்கவா வர்றாரு?"

சாயங்காலத்துக்கு 'ஹீ' போய்விட்டது. கடைசியில் ஏதோ வெள்ளைப் பொடி தூவி, ஈரக் கோணியால் அழுத்தித் தேய்த்து, காய்ந்த பிறகு மெழுகு பூசித் துடைத்தான். பளபளப்பு வந்தது. பழையபடி வந்ததா என்றால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்மேல் ஊற்றிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் வழிந்து ஓடிவிட்டு, நடுவில் ஒரு உள்ளங்கை அளவு நின்றது.

"பாத்தியா? குழி."

"எந்தக் கல்லுலயும் தண்ணி ஊத்தினா கொஞ்சம் நிக்கும் பாய்."

"மெழுகால அடைச்சுட்டு ஏமாத்துறியா? சூடா டீ சிந்தினா எழுத்து மேல வந்துடுமா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "கல்லு மேல எழுத்து இல்ல. வேற எங்கியாவது இருந்தா அதுக்கு என்கிட்ட கல்லு கெடையாது" என்று பையைக் கட்டினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நான் என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்து, கொதிக்கக் கொதிக்க டீயை அந்த இடத்தில் ஊற்றி, துடைத்து, மறுபடி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் வந்துவிட்டார்கள். ஹனீஃபா ராவுத்தர் பெரிய உடம்பு, பெரிய குரல். பையன் ஒல்லி. வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, நல்ல முகம்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி!"

"வ அலைக்கும் ஸலாம். வாங்க, உக்காருங்க உள்ள."

"உள்ள அப்பறம் போவோம். மொதல்ல ஒரு டீ. மாமனார் கைப் பக்குவம் மாப்ளைக்குத் தெரியணும்ல."

கல்லின்மேல் கிளாஸ்களை வைத்தேன். பையன் சரியாக நடுவில் வந்து நின்றான். கிளாஸை எடுக்கவில்லை. கல்லையே பார்த்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான். நான் சாய்த்த அதே சாய்ப்பு. பிறகு விரலால் அந்த இடத்தைத் தடவினான். மேலும் கீழுமாக, எதையோ தேடுகிறதுபோல. நான் ஊற்றின பால் கிளாஸை மீறி வழிந்தது. குழியைக் கண்டுபிடித்துவிட்டான். பட்டை தீட்டுகிறவன் விரல், சும்மா விடுமா? இப்போது அப்பனிடம் சொல்வான். 'இங்கே ஏதோ அழிச்சிருக்காங்க அத்தா' என்பான். அவ்வளவுதான், அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். ஊர் முழுக்கப் பேச்சு. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மகளும் அங்கேதான் நின்றாள்.

பையன் நிமிர்ந்தான். "மாமா, கல்லைத் தேச்சிட்டீங்களா?"

"ஏன் கேக்குறீங்க?" என்றேன்.

"இல்ல, இங்க... சும்மாதான்."

"இங்க என்ன?"

அவன் காது இரண்டும் சிவந்தன. ராவுத்தர் மகனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டேய், என்னடா பண்ணித் தொலைச்சே?"

பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தான். குச்சியின் நுனியில் அரக்கு, அரக்கில் ஒட்டின சின்னக் கல். பட்டை தீட்டும்போது பிடித்துக்கொள்கிற குச்சி. "திங்கக்கெழம மாமா கடை எப்பிடின்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன். மாமாவுக்கு என்னைத் தெரியாது. கூட்டமா இருந்துச்சு. டீ வர நேரமாச்சு. குச்சி கையில இருந்துச்சு. நீங்கதானே அத்தா முந்தின நாள் பேரு சொன்னீங்க... கை தானா எழுதிருச்சு. வெள்ளக் கல்லுல தெரியாதுன்னு நெனச்சேன்."

நான் ஊர் பூராவும் சந்தேகப்பட்டேன். கண்டக்டரை, ராமரை, வீரமலையைக்கூட. பெண் பெயர் என்ன என்று ராவுத்தர் கேட்டு நான் என் வாயாலேயே சொன்னது என் கணக்கில் வரவே இல்லை.

ராவுத்தர் ஒரு சிரிப்புச் சிரித்தார், பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அட கிறுக்குப் பயலே! அதுக்கா சம்பந்தி இவ்வளவு வேர்வை? பேருக்குச் சொந்தக்காரன் பேரை எழுதினான். முடிஞ்சுது!"

"எழுதின அன்னிக்குச் சொந்தக்காரன் இல்லியே" என்றேன்.

அவர் சிரிப்பு கொஞ்சம் நின்றது. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்புதான் மாமா. யார் கண்ணுல பட்டுச்சு?"

"பக்கத்துக் கடைக்காரன் கண்ணுல. அவன்தான் எழுதினான்னு சொல்லி நான் சட்டையப் புடிச்சு இழுத்தாந்தேன்."

"வாடா" என்று ராவுத்தர் மகன் கையைப் பிடித்தார். "அந்த மனுஷன்கிட்ட போய் மொதல்ல ஒன் வாயால சொல்லு." இருவரும் ராமர் கடைக்குப் போனார்கள். முதலில் பேச்சுச் சத்தம் தாழ்வாகக் கேட்டது. பிறகு ராமர் சிரிக்கிற சத்தம். என்னிடம் அவன் அப்படிச் சிரித்து நாளாகிறது.

திரை லேசாக விலகியது. ஷரீபா முகமெல்லாம் மலர்ந்து நின்றாள். "நல்ல புள்ளைங்க. செஞ்சத ஒத்துக்கிச்சு பாருங்க. எத்தினி பேரு ஒத்துக்குவான்?"

"புடிபட்டான், ஒத்துக்கிட்டான்."

"புடிபடலியே. தானா வாயத் தொறந்தாரு."

"தேச்சிட்டீங்களான்னு கேட்டான். நான் தேய்க்காம இருந்தா?"

அவளுக்குப் பின்னாலிருந்து வஹீதாவின் குரல் கேட்டது. முகம் தெரியவில்லை.

"அத்தா."

"என்ன?"

"எழுத்து நல்லா இருந்துச்சா?"

ஆத்திரமாக வந்தது. அடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கேள்விக்குப் பதில் ஒன்று இருந்தது, அது பொய்யில்லை. பேனாவால் எழுதினதுபோல் உருண்டு வந்திருக்கிறது என்று படிக்கத் தெரியாதவனே சொன்னான்.

"வளைவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாயா மகளா தெரியவில்லை. "அப்ப சரின்னு சொல்லிடவா?" என்று ஷரீபா கேட்டாள். "அவளுக்குச் சம்மதம். நீங்க சொல்லுங்க."

"அவளுக்குச் சம்மதம்னா சொல்லு. நான் வேணாங்கல."

"வேணுங்கவும் இல்லியே."

ராவுத்தரும் பையனும் ராமரோடு பேசிக்கொண்டே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ராமர் என்னைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தான். ஷரீபாவின் தம்பி உள்ளேயிருந்து தட்டில் வெற்றிலையும் சர்க்கரையும் கொண்டுவந்தான். எல்லார் முகத்திலும் ஒரே சந்தோஷம். நான் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டேன்.

"எங்க சம்பந்தி கெளம்பிட்டீங்க? இப்பத்தானே பேச்சே ஆரம்பிக்குது!"

"பேசிக்கிட்டு இருங்க. பால் சொல்லிட்டு வரேன்."

பால் காலையிலேயே வந்துவிட்டது. அது அவர்களுக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஆற்றுப் பக்கமாக நடந்தேன். நல்ல பையன் என்கிறார்கள். இருக்கலாம். டீ வருகிற நேரம் பொறுக்காத கை, ஒரு பெண்ணை வைத்து வாழ்நாள் முழுக்கப் பொறுக்குமா? ஒத்துக்கொண்டான் என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறவனெல்லாம் நல்லவனா? பின்னால் ராவுத்தரின் சிரிப்பு இன்னும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.